மலையேறினால் கொதித்த டாடாமொபைல்: பழுது பார்த்து ஓட்டிய அனுபவம்

தொண்ணூறுகளின் டாடாமொபைல் பிக்கப் ஒன்று எங்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1988இல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) அறிமுகப்படுத்திய மாடல். பின்னால் வந்த சியரா, எஸ்டேட் கார்கள் இரண்டுக்கும் இதுதான் மூலம். மேட்டுப்பாளையத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர், திரும்பும்போது கேரட், முட்டைக்கோஸ். கையில் வாங்கிய நாளிலிருந்தே ஒரு தொல்லை: பர்லியார் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

இந்த மாதிரி வண்டியில் எதையும் கழற்றுவதற்கு முன்னால், எப்போது சூடாகிறது என்று பார்க்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் ஃபேன், பெல்ட் பக்கம் போகலாம். எங்கள் வண்டி நேர்மாறு. நிற்கும்போது பரம சாது. லோடோடு இரண்டாம் கியரில் ஏறும்போதுதான் கோபம். ரேடியேட்டரில் குமிழி இல்லை, ஆயில் பால் நிறத்துக்கு மாறவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்ற பயம் அத்தோடு விட்டது.

"நம்மூருக்கு வால்வே வேண்டாங்ணா, கழட்டிப் போட்டுருங்க" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன வால்வு தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது. அதற்கு இப்படியொரு தலையெழுத்து. நூலில் கட்டி, சட்டியில் காயும் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்தோம். 80 டிகிரி வாக்கில் அழகாகத் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. நன்றாக இருப்பதை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? வால்வு இல்லாத டீசல் இன்ஜின் காலையில் சூடேறவே நேரம் எடுக்கும். புகையும் டீசல் செலவும் கூடும். தண்ணீர் ஓடும் வழி வேறெங்கோ அடைத்திருந்தால் இதைக் கழற்றியும் பயனில்லை.

அடைப்பு ரேடியேட்டரில்தான் இருந்தது. ஓடி நின்ற வண்டியை அணைத்துவிட்டு, ஃபேன் நின்றதும் கோரின் (ரேடியேட்டரின் நடுவிலுள்ள குழாய்க் கூட்டம்) மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். மேலே சுடுகிறது, ஒரு ஓரத்தில் கீழ்ப்பாதி ஜில்லென்று இருக்கிறது. அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை என்று அர்த்தம். கடையில் மேல் டேங்கின் ஈயப்பற்றை உருக்கித் திறந்ததும் உள்ளே வெந்நீர் அண்டாவின் அடி மாதிரி வெள்ளைப் பொருக்கு. பல வருஷம் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் பலன். ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு ராடிங் செய்து, மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார்கள். பித்தளை ரேடியேட்டர் என்பதால் இது முடிந்தது. பிளாஸ்டிக் டேங்க் வைத்த புதிய வகை என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் சொல்வார்கள்.

கூடவே இரண்டு சில்லறை வேலை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் தொளதொளத்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பியையும் காணோம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப்) இழுக்கும் இழுப்பில் ஹோஸ் ஒட்டிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் கல்லாகியிருந்தது. ஊட்டி உயரத்தில் அழுத்தம் பிடிக்காத வெறும் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிப்பது தள்ளிப்போகும். மலைக்குப் போகும் வண்டிக்கு மூடி எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும். பழையதில் அச்சிட்டிருந்த அதே அழுத்த எண்ணைப் பார்த்துப் புது மூடி வாங்கினேன்.

இப்போது கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாதி. வீட்டில் நாய் இருந்தால் கவனம், கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். சீசன் நெரிசலையும் மழைக்காலத்தையும் வண்டி பார்த்துவிட்டது. முள் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. சித்திரை மதியத்தில் முழு லோடோடு குன்னூர் பாதையில் மரப்பாலம் என்ற ஊர்ப் பக்கம் ஏறினால் மட்டும் கொஞ்சம் தாண்டும். அப்போது பெடலை இன்னும் அழுத்தாமல் ஒரு கியர் குறைப்பேன். இன்ஜின் சுற்று ஏறும், ஃபேனும் வாட்டர் பாடியும் வேகமெடுக்கும், மேலே இருக்கும் காட்டேரி என்ற இடம் வருவதற்குள் முள் இறங்கிவிடும்.