அசெம்பிள் செட்டா, கிளாஸ்-டி டப்பாவா, பழைய ஜப்பானா? டெல்டா வீட்டுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்

டெல்டாவில் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர் முதலில் வாட் கேட்பார், அப்புறம் விலை கேட்பார். என்னிடம் யோசனை கேட்டால் நான் கேட்பது வேறு. நள்ளிரவில் உங்கள் தெருவில் வோல்டேஜ் எவ்வளவு ஏறுகிறது? ஐப்பசி அடைமழையில் கூடத்துச் சுவர் எவ்வளவு ஓதம் இழுக்கிறது? செட் படுத்துவிட்டால் திறந்து பார்க்க பக்கத்தில் ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

போட்டி மூன்று பேருக்குள்தான். உள்ளூர் மெக்கானிக் போர்டு வாங்கிக் கோத்துத் தரும் அசெம்பிள் செட், ஆன்லைனில் வரும் கைக்கடக்கமான கிளாஸ்-டி டப்பா (சிக்னலை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் சிப் ஆம்ப்), செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய ஜப்பான் ஆம்ப். வால்வ் ஆம்ப் ஆசைக்காரர்கள் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள், அவர்களுக்கு அலசல் தேவைப்படாது. ஹோம் தியேட்டர் ரிசீவர் படம் பார்க்க. இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவருக்கு அதில் பாதிக்கு மேல் வேலையில்லாத சரக்கு.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம் தரும். கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க அந்த ஒரு வாட்டே அநேகமாகப் போதும். சினிமாப் பாட்டுக்கு இது சரி. நாகஸ்வரக் கச்சேரி ரெக்கார்டிங் போட்டால்தான் ஆம்பின் சாயம் வெளுக்கும். ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வாட் ஓடுகிறது என்று வையுங்கள். தனி ஆவர்த்தனத்தில் தவில்காரர் கூடு (விரல் உறை) போட்ட விரலால் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) ஓங்கி அடிக்கும் அந்தக் கணம் 15 டெசிபல் மேலே போனால் 32 வாட் வேண்டும், 20 டெசிபல் போனால் 100 வாட் வேண்டும். அது கைவசம் இல்லாத ஆம்பில் அடியின் முனை மழுங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். அதே சமயம் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். ஆகவே நேர்மையான 40, 50 வாட் இருந்தால் சாதாரணக் கூடத்துக்குத் தாராளம். சிக்கல் அந்த ‘நேர்மையான’ என்பதில்தான்.

அசெம்பிள் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று எந்த ஊரிலும் கோத்துத் தர ஆள் கிடைப்பார். முகப்பில் 500 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட்), 5 ஆம்ஸ் என்பது வழக்கமான சைஸ். 24 வோல்ட் ஏ.சி. டையோடு தாண்டி டி.சி. ஆகும்போது சுமார் 34 வோல்ட். லோடில் ஸ்பீக்கருக்கு உச்சத்தில் 30 வோல்ட் போய்ச் சேர்ந்தால் 8 ஓம்ஸில் 56 வாட். அவ்வளவுதான் அந்த 500. பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பர வாட்) என்று ஒரு கணக்கு எழுதியிருந்தால் அதைத் திருவிழாக் கடை விலை மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 56 வாட் குறைவா என்றால் இல்லை, மேலே பார்த்த தேவைக்கு அது சரியாகவே இருக்கிறது.

இந்தச் செட்டில் ஏமாறும் இடங்கள் மூன்று. டிரான்ஸ்ஃபார்மரில் அலுமினிய வைண்டிங் போட்டிருந்தால் கையில் தூக்கினாலே லேசாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் கொதிக்கும். காப்பர் வைண்டிங் என்று சொல்லி வாங்குங்கள். அடுத்தது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர். 5200, 1943 ஜோடி என்று எல்லாரும் சொல்வது தோஷிபாவின் எண்கள். அந்த முத்திரையோடு போலி நிறையப் புழங்குகிறது, அது முழு வால்யூமில்தான் தன் குணத்தைக் காட்டும்.

மூன்றாவதுதான் இந்த ஊருக்கே உரியது. 34 வோல்ட் வரும் இடத்தில் 35 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் (டி.சி.யைச் சமன் செய்யும் பார்ட்) போடும் பழக்கம் பல கடைகளில் உண்டு. மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது. லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரே கொஞ்சம் கூடத் தரும், அதோடு ராத்திரி லைன் வோல்டேஜ் 250-ஐத் தொட்டால் அந்த 34 என்பது 38, 40 ஆகிவிடும். கெப்பாசிட்டர் தலை உப்பும், கொஞ்ச நாளில் வெடிக்கும். “அண்ணே, 50 வோல்ட் போட்டா காசு கூட வரும்ணே” என்பார் மெக்கானிக். வரட்டும். 50 அல்லது 63 வோல்ட், பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட், சூடு தாங்கும் 105 டிகிரி என்று அச்சிட்டது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மொத்தச் செலவில் இதைப்போலப் பயன் தரும் பணம் வேறில்லை.

ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டையும் விடாதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 34 வோல்ட் டி.சி. அப்படியே ஸ்பீக்கருக்குள் போகும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் 6 ஓம்ஸ் காட்டும், கணக்குப் போட்டால் 190 வாட் சூடு. இந்தப் போர்டின் ரிலே (தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ‘டிக்’ என்று கழற்றிவிடவில்லை என்றால் வூஃபர் கருகிய வாசனைதான் மிச்சம்.

வாங்கும் நாளில் மெக்கானிக்கிடம் சீரியஸ் பல்ப் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். மெயின் லைனில் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்ப். சுவிட்சைப் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிறைந்ததும் மங்கிவிட்டால் உள்ளே ஷார்ட் ஒன்றும் இல்லை. எரிந்துகொண்டே நின்றால் எங்கோ தகராறு. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல், பாட்டும் போடாமல் அவுட்புட்டில் மீட்டரை டி.சி.யில் வைத்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிளாஸ்-டி டப்பாவுக்கு இந்தத் தொல்லை பலவும் இல்லை. மின்சாரத்தைச் சூடாக வீணாக்குவது மிகக் குறைவு, உள்ளே போவதில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குப் போகும். அடாப்டரில் 100-லிருந்து 240 வரை என்று எழுதியிருந்தால், சித்திரை மாதத்துச் சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் சத்தம் குறையாது. அசெம்பிள் செட்டில் அதே நேரம் உச்ச வாட் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் ஸ்டிக்கர் பொய் இங்கேயும் உண்டு. டிபிஏ3255 சிப் போட்ட டப்பாவில் 300 + 300 என்று இருக்கும். கூடவே வரும் அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் மொத்தமே 160 வாட். அடாப்டர் கொடுக்காததை ஆம்ப் எங்கிருந்து எடுக்கும்? சின்னவனான டிபிஏ3116 சிப்புக்கு 24 வோல்ட் அடாப்டர் போட்டால் 8 ஓம்ஸில் 30 வாட்டைச் சுற்றித்தான் சுத்தமாக வரும். சிறிய அறைக்கு அது போதும், தவிலுக்குக் கொஞ்சம் இறுக்கம்.

இந்த 3116-க்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு, 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். 8 ஓம்ஸில் 8, 9 வாட் கிடைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் இரண்டு ஸ்பீக்கருக்கும் கறுப்பு ஒயர் ஒன்றையே பொதுவாக இழுத்திருப்பார்கள். அசெம்பிள் செட்டுக்கு அது பொதுவாக ஒத்துக்கொள்ளும், கறுப்பு இரண்டும் உள்ளே எர்த் புள்ளிதான். இந்தச் சிப்புகளில் மைனஸ் முனையிலும் சிக்னல் இருக்கிறது. இரண்டு மைனஸையும் சேர்த்தாலோ, எர்த்தில் தொட்டாலோ சிப் போய்விட வாய்ப்புண்டு. இன்னொன்று, வீட்டில் தாத்தா 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி கேட்பவர் என்றால் ரேடியோவை இந்த டப்பாவிலிருந்து தள்ளியே வையுங்கள். சிப் 400 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் துடிக்கிறது, அதன் மடங்குகள் மீடியம் வேவ் முழுக்க இரைச்சல் போடும். காரைக்கால் எஃப்.எம்.முக்கு இந்தப் பிரச்சினை வராது.

குறை என்று சொன்னால் ரிப்பேர்தான். போர்டில் எல்லாமே கடுகு சைஸ் பார்ட்ஸ், உள்ளூர் சால்டரிங் அயர்னுக்கு அகப்படாது. அடாப்டர் போனால் மாற்றிக்கொள்ளலாம், போர்டு போனால் போனதுதான். இருந்தும் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று உப்புக்காற்று அடிக்கும் கடலோர வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே ரிலேவும் சுவிட்சும் வால்யூம் கண்ட்ரோலும் அரித்துப்போகிற வேகத்தில், குறைந்த விலைச் சாமானை வாங்கி நாலைந்து வருஷத்தில் மாற்றுவது லாபம். உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்கு, நம்பகமான மெக்கானிக் இருந்தால், என் ஓட்டு அசெம்பிள் செட்டுக்கு.

பழைய ஜப்பான் ஆம்பைப் பற்றிப் பேசினால் எனக்கும் கொஞ்சம் மனசு இளகும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் சபராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள்) சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த சான்சூயி, பயனியர், டெக்னிக்ஸ் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. வால்யூம் திருகைச் சுழற்றும்போது கையில் தெரியும் அந்தக் கனம் புது டப்பா எதிலும் இல்லை. வாங்குவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள். 110, 220, 240 என்று வோல்டேஜ் செலக்டர் இருந்தால் நல்லது, 240-க்குத் திருப்பிவிடலாம். 100 வோல்ட் மட்டும் என்றால் அது ஜப்பான் உள்நாட்டு மாடல், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகினால் அன்றோடு சரி.

உள்ளே எஸ்டிகே என்று எழுதிய நீளமான ஐசி இருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள். அதைச் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் தொழில் 2011-இலேயே கைமாறிவிட்டது. இப்போது கடையில் கிடைப்பதில் போலி ஏராளம். தனித்தனி டிரான்சிஸ்டர் உள்ள மாடல் என்றால் கெப்பாசிட்டர்களை மாற்றி, வால்யூமுக்கும் சுவிட்சுகளுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பயாஸ் (டிரான்சிஸ்டரில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்) செட் செய்து ஓட்டலாம். இந்தச் செலவு வாங்கிய விலைக்குச் சமமாக வரும் என்று முதலிலேயே ஒதுக்கிவைப்பவருக்கு மட்டும் இது சரிப்படும்.

மைக் செட் வைத்திருக்கும் உறவினர் ‘நம்ம அகுஜா ஒன்னு சும்மா கிடக்கு’ என்று நீட்டுவார். அகுஜா மைக் செட் ஆம்ப், அது மோனோ (ஒரே சேனல்), பொதுக்கூட்டத்துப் பேச்சுக்காகச் செய்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளும் மோனோதானே என்றால், ஆமாம், அதற்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் மைக் செட் ஸ்பீக்கர் லைனுக்கென இருக்கும் 100 வோல்ட் முனையில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டிவிடாமல் 8 ஓம்ஸ் முனையில் மாட்டுங்கள்.

எதை வாங்கினாலும் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் போதும். முனையை உரித்ததும் இழைகளை முறுக்கிவிடுங்கள், ஒற்றை இழை எதிர் முனையைத் தொட்டாலும் ஷார்ட். சிவப்பு-கறுப்பு ஒரு பக்கம் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும். பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால், ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். ஹம்மிங் வந்தால் உடனே ஆம்பைத் திட்ட வேண்டாம், டி.வி.யின் கேபிள் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கேபிள்காரர் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் சண்டை போடுகின்றன என்று அர்த்தம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வரும் ‘கிர்ர்’ வேறு, அதற்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் மருந்து. இடி இடித்தால் பிளக்கோடு சேர்த்து அந்தக் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பல்லி சூட்டுக்கு உள்ளே போய்ப் போர்டில் கருகிக் கிடக்கும், குளவி ஹெட்போன் ஓட்டையில் மண் வைத்துக் கூடு கட்டும். காற்று ஓட்டைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அசெம்பிள் செட்டையும் ஜப்பானையும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள், தன் சூட்டிலேயே ஓதத்தை உலர்த்திக்கொள்ளும். கிளாஸ்-டி டப்பாவுக்கு அந்தச் சூடு கிடையாது. கேட்காத நாட்களில் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடலாம்.