மைத்தண்ணீரைத் தெளிய வைத்த வாட்டர் ஃபில்டர்

ட்ரெக்கிங்குக்கு எடை குறைந்த வாட்டர் ஃபில்டர் தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன செப்டம்பரில் நாங்கள் மூன்று பேர் இமாசலத்தில் ஹம்டா கணவாய்க்குப் போனோம். மணாலிக்குப் பக்கத்தில் ஜோப்ராவில் ஏறி, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்டி, லாஹௌல் பக்கம் சத்ருவில் இறங்கும் பாதை. வழியெல்லாம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேய்ச்சலுக்கு ஏறிய ஆட்டு மந்தைகளும் சுமை தூக்கும் குதிரைகளும் அதே ஓடைகளின் மேல்பக்கம்தான் நிற்கும். அதனால்தான் ஃபில்டர் வாங்கினேன்.

ஆன்லைனில் பார்த்தது இது: எடை 65 கிராம், துளை 0.01 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), 99.9999 சதவீதம் கிருமி நீக்கம். ஒன்று 1,499 ரூபாய், இரண்டாக வாங்கினால் 2,499. கூடவே ஒரு வீடியோ. கண்ணாடி டம்ளரில் நீல மையைக் கலக்கி, ஃபில்டர் வழியாக உறிஞ்சினால் பளிங்கு மாதிரித் தண்ணீர் வருகிறது. அதில்தான் விழுந்தேன், இரண்டாகவே வாங்கினேன்.

இப்போது தெரிந்த விஷயம். மையின் நிறம் தண்ணீரில் கரைந்த சாயம். அதை இழுத்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். வாசனை, குளோரின் நெடி போன்றவற்றுக்குக் கரி நல்லது. கிருமியைத் தடுக்க அதை நம்பக் கூடாது. அந்த வேலைக்கு ஹாலோ ஃபைபர் என்ற, நடுவில் துளையுள்ள நூல் போன்ற இழைகள் வேண்டும். நல்ல ஃபில்டர்களில் அவற்றின் துளை 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமி 8 முதல் 12 மைக்ரான், பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான். இரண்டும் அதில் நுழையாது. வைரஸ் நுழைந்துவிடும், அது வேறு கதை. வேடிக்கை என்னவென்றால், கரி இல்லாத அசல் ஃபில்டரில் மைத்தண்ணீரை விட்டால் நீலமாகவேதான் வெளியே வரும்.

மலையில் முதல் நாள் எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஃபில்டரை மாட்டிய தண்ணீர்ப் பையை லேசாக அமுக்கினாலே குழாயைத் திறந்த மாதிரித் தண்ணீர் கொட்டியது. இவ்வளவு வேகமாக வருகிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் நாள் ராணி நாலா என்ற ஓடையில் பனியாற்று வண்டல் கலந்த சாம்பல் நிறத் தண்ணீர். அசல் ஃபில்டராக இருந்தால் அந்த வண்டலில் திணறி மெதுவாகியிருக்கும். எங்களுடையதில் வேகம் கொஞ்சமும் குறையவில்லை, தண்ணீரும் லேசாகக் கலங்கியே வந்தது. “மச்சான், மலைத் தண்ணி அப்படித்தான்டா இருக்கும்” என்று நானே சொல்லிக் குடித்தேன், மற்றவர்களையும் குடிக்க வைத்தேன். எங்கள் வழிகாட்டி மட்டும் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்.

ஊருக்குத் திரும்பிப் பத்தாம் நாள் நண்பனுக்கு வயிற்றுப்போக்கு. நாலைந்து நாளாகியும் நிற்கவில்லை. மலப் பரிசோதனையில் ஜியார்டியா. அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஃபில்டரைச் சோதிக்க முடிந்தது. சுத்தமான தண்ணீரை விட்டு இழைகளை நன்றாக நனைத்து, பிறகு வாயால் ஊத வேண்டும். இழை முழுசாக இருந்தால் நனைந்த துளைகள் காற்றை விடாது, எவ்வளவு ஊதினாலும் அடைத்துக்கொள்ளும். எங்களுடையதில் காற்று தாராளமாகப் போனது. தண்ணீருக்குள் பிடித்தால் குமிழி குமிழியாக வந்தது.

விற்றவர் தயாராகப் பதில் வைத்திருந்தார்: “சார், ராத்திரி குளிரில் உறைந்து உடைந்திருக்கும். அது உங்கள் தவறு.” நனைந்த ஃபில்டர் உறைந்தால் இழை விரிசல் விடும் என்பது உண்மைதான், ராத்திரியில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் வந்த சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சரி, நான் உடைத்ததாகவே இருக்கட்டும். பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவதை நனைத்து ஊதினேன். அதிலும் குமிழி. அறுத்துப் பார்த்தால் பஞ்சு, கரித்துண்டு, கொஞ்சம் வெள்ளை இழை. இழைகளைச் சுற்றிப் பசை போட்டு அடைத்திருக்க வேண்டிய இடத்தில் நகம் போகும் இடைவெளி. தண்ணீர் இழைக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரித்தது என்று எதுவுமே இல்லை. இவை இல்லாத இறக்குமதிச் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். வந்தவுடன் பிரித்து இந்த ஊதல் சோதனையைச் செய்யுங்கள். நான் ஆகஸ்டில் வாங்கிச் செப்டம்பரில் பிரித்தேன், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். மூன்று வாரம் இழுத்து, ஒரு ஃபில்டருக்கு மட்டும் பணம் வந்தது. உறைந்ததாகச் சொல்லப்பட்டதற்கு வரவில்லை.

அடுத்த பயணத்துக்கு அசல் ஃபில்டர் ஒன்று வாங்கிவிட்டேன், ஊதியும் பார்த்துவிட்டேன். நண்பன் அதை நம்பத் தயாராக இல்லை. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பாத்திரத்தையும் கேஸ் அடுப்பையும் தானே சுமக்கிறேன் என்கிறான்.