பழைய ஈபி மீட்டருக்கு ‘ஆட்டோ ரீடிங்’ கருவி: 6,800 ரூபாய் போச்சு, உஷார்!

6,800 ரூபாய். நேற்று அந்தக் கடைக்காரர் போனை வைத்த விதத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் மாமனார் காலத்து மீட்டர், உள்ளே சக்கரம் சுற்றுகிற வகை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்குமே விலை ஏறிவிடும். கோடையில் ஏசி ஓடும்போது எவ்வளவு ஆயிற்று என்று போனிலேயே தெரிந்தால் நல்லது என்றுதான், மீட்டர் ஓடுவதை எண்ணிப் போனில் காட்டும் ‘ஆட்டோ ரீடிங்’ கருவி பற்றி ஊரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் விசாரித்தேன்.

வந்த பையன் டார்ச் அடித்து மீட்டர் தகட்டைப் படித்தான். "ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று அக்கா. சக்கரத்துல இந்தக் கறுப்புக் கோடு கடக்கிறப்பல்லாம் சென்சார் எண்ணிக்கும்." பிரிட்ஜை நிறுத்தச் சொன்னான், சக்கரம் மெதுவானதைக் காட்டினான். இவ்வளவு தெரிந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? மாமாவே தலையாட்டினார். கருவியை மீட்டர் கண்ணாடிக்கு வெளியே ஒட்டியதும் ஜிபேயில் 6,800 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்டால் எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார்கள். ஜிஎஸ்டி பில் பிறகு வருமாம். வரவே இல்லை.

முதல் வாரமே எண் குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன். "சர்வர் அப்டேட் ஆகுது, தானா சரியாகும்" என்றார்கள். அடுத்து, பையன் சிதம்பரம் வேலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். கடைசியில் ரீடிங் எடுக்க வந்தவர் கார்டில் எழுதியது 560 யூனிட். போனில் 105!

அக்கா மகன் ஆப்பைத் திறந்து பார்த்துச் சொன்னான்: செட்டிங்கில் ஒரு யூனிட்டுக்கு 3,200 என்று இருக்கிறது. அது சிவப்பு விளக்கு மினுக்கும் எலக்ட்ரானிக் மீட்டருக்கான எண். 600 சுற்றையே வாய்விட்டுப் படித்தவன் அதை மாற்றவில்லை, அதனால் ஐந்தில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. இதைச் சொன்னதும், மாற்றித் தர 1,500 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் என்கிறார் கடைக்காரர். 6,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், "மாட்டின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது."

இன்னொன்றும் சொன்னார், அதுதான் வயிற்றைக் கலக்கியது. மூடியைத் திறந்து உள்ளே வைத்தால் துல்லியமாக வருமாம், மூடியில் ஈபி வைத்த சீலை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். மீட்டரில் கை வைப்பது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 138-ன்படி குற்றம். ஈபிக்காரர்கள் வந்தால் முதலில் கேள்வி கேட்பது வீட்டுக்காரரைத்தான்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மீட்டர் தகட்டில் இருக்கிற எண்ணும் ஆப்பில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு நாள் ஓடவிட்டு, மீட்டர் ரீடிங்கோடு ஒத்துப்போனால் மட்டும் பணம் கொடுங்கள். சீலைத் தொடவே விடாதீர்கள். மீட்டரையே மாற்ற வேண்டுமென்றால் ஈபி ஆபீஸில் மனு கொடுங்கள், கடைக்காரருக்கு அதில் வேலையே இல்லை.

ஜிபே ரசீதும் அந்த எஸ்டிமேட் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.