தொங்கு தொட்டிக்கு எது நல்லது: ஜீப்ரினாவா, மணி பிளாண்டா, டர்ட்டில் வைனா?

எங்கள் வீடு திருச்சியில், இரண்டாவது மாடி. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை 10 மணி வரை வெயில் விழும், அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் மட்டும்தான். கிரில்லில் மூன்று கொக்கிகள். மூன்று வருடமாக அந்தக் கொக்கிகளில் நான்கைந்து வகைச் செடிகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். இன்று இரண்டு கொக்கியில் ஜீப்ரினா இருக்கிறது, மூன்றாவதில் மணி பிளாண்ட். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

முதலில் ஜீப்ரினாவின் பெயர். நர்சரியில் 'வாண்டரிங் ஜூ' என்று கேட்டால்தான் பல இடங்களில் எடுத்துத் தருவார்கள். யூதர்களை இழிவுபடுத்தும் பழைய ஐரோப்பியக் கதை ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. செடி வளர்ப்பவர்கள் பலர் இப்போது அதைச் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. டிரடஸ்காண்டியா ஜீப்ரினா என்பது தாவரவியல் பெயர், சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இலையின் மேலே பச்சையும் வெள்ளியும் பட்டை பட்டையாக ஓடும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நல்ல கத்தரிப்பூ நிறம். காலை வெயில் சாய்வாகப் படும்போது அந்த வெள்ளிப் பட்டை மினுமினுப்பதை நின்று பார்க்க வேண்டும்.

அழகில் போட்டி வைத்தால் அவரவர் கண் அவரவருக்கு. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜீப்ரினா, மணி பிளாண்ட், டர்ட்டில் வைன் மூன்றுமே சாதாரண நர்சரியில் கிடைப்பவை, பக்கத்து வீட்டில் ஒரு தண்டு கேட்டு வாங்கியே தொடங்கிவிடலாம். உரம், மண் விஷயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம அளவு, தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு பிடி மணல். நர்சரிக்காரர் வைத்துக் கொடுக்கும் வெறும் செம்மண்ணில் அப்படியே விட்டுவிடாதீர்கள், கோடையில் அது செங்கல் மாதிரி இறுகிவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். தொங்கும் செடி எதுவானாலும் ஆறேழு மாதத்தில் ஒரு சிக்கல் வரும். கொடி கீழே ஒன்றரை அடி, இரண்டடி என்று அழகாக வழிந்துகொண்டிருக்கும், தொட்டியின் மேல்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிடும். பழைய இலைகள் காய்ந்து, வெறும் தண்டும் மண்ணும் தெரியும். கீழேயிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத்தான் தெரியும். அந்த வழுக்கையை எவ்வளவு சுலபமாக மூட முடிகிறது என்பதுதான் என் கணக்கில் ஒரே பெரிய கேள்வி.

ஜீப்ரினா இதில் தனித்து நிற்பதற்கு அதன் பிறவிக்குணமே காரணம். போன வருடம் லால்குடியிலிருந்து அத்தை வந்திருந்தார்கள். தொட்டியைப் பார்த்ததும், "ஏன்டி, கானாவாழையைக் காசு குடுத்து வாங்கியா தொங்கவிட்டிருக்க?" என்று கேட்டார்கள். அத்தையின் கண் சரியாகத்தான் பிடித்திருந்தது. கானாவாழையும் ஜீப்ரினாவும் ஒரே தாவரக் குடும்பம். வாழைத்தோட்டத்தில் கானாவாழையைப் பிடுங்கி வரப்பில் போட்டால், காய்ந்த மாதிரி கிடந்துவிட்டு, ஒரு மழை விழுந்ததும் கணுவில் வேர்விட்டு மறுபடி எழுந்துகொள்ளும். களையெடுத்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். அதே குணம்தான் தொங்கு தொட்டியில் நமக்கு வரம். தரையில் படர்ந்து, மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர்விட்டுப் போகும் செடி இது.

நான் செய்வது இவ்வளவுதான். நீண்ட கொடியின் நுனியில் நான்கு விரல் நீளத்துக்குக் கிள்ளுகிறேன். அடியில் இருக்கும் ஓர் இலையை உரித்தால் கணு வெளியே தெரியும். சில தண்டுகளில் அங்கே ஏற்கனவே வெள்ளையாக, கடுகு அளவில் ஒரு வேர் முளைப்பு எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். பென்சிலால் மண்ணில் குழி போட்டு, குழிக்கு மூன்று நுனிகளாக, அதே தொட்டியின் வழுக்கை விழுந்த இடத்திலேயே ஊன்றிவிடுகிறேன். எட்டு அங்குலத் தொட்டிக்குப் பன்னிரண்டு, பதினைந்து நுனிகள் போதும். ஒரு வாரம் நேர் வெயில் படாமல் வைத்து, மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பத்து நாளில் புது இலை விரியத் தொடங்கும். கிள்ளிய இடத்துக்குக் கீழேயும் பக்கக் கிளைகள் வெடிக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு தடவை, ஆடி மாதவாக்கில், மொத்தத்தையும் கவிழ்த்து, நுனிகளை மட்டும் எடுத்து, புது மண்ணில் நட்டுவிடுகிறேன்.

இதே வேலையை மணி பிளாண்டில் செய்துபார்த்தேன். வேர்விடும், சந்தேகமில்லை. ஆனால் மூன்று நான்கு வாரம் ஆகிறது, அப்புறம் ஒரு கணுவிலிருந்து ஒரே ஒரு தளிர். அது மறுபடி நேராக ஒற்றைக் கொடியாக ஓடுகிறது, புதர் கட்டுவதில்லை. இதற்கும் பிறவிக்குணம்தான் காரணம். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவைச் சேர்ந்த மணி பிளாண்ட், மரம் ஏறும் கொடி. தென்னையில் ஏற்றிவிட்ட மணி பிளாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே போகப் போக இலை முறம் மாதிரி விரியும். தொங்கவிட்டால் நேர் எதிர், கீழே வர வர இலை சிறுத்துக்கொண்டே போகும். ஏற வேண்டிய செடியை இறங்கச் சொல்கிறோம்.

டர்ட்டில் வைன் முதல் மூன்று மாதம் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். குட்டி குட்டி இலைகள், பந்து மாதிரி அடர்த்தி. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். ஆனால் அந்த அடர்த்திக்குள் காற்றுப் போவதில்லை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் தொடர்ந்து நனைந்தது, கையை விட்டுப் பார்த்தால் நடுவில் வைக்கோல் மாதிரி பழுப்பு. இதையும் கிள்ளி ஊன்றலாம், ஜீப்ரினாவுக்கு உறவுதான், சீக்கிரமே பிடிக்கும். ஆனால் தண்டு நூல் மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றாக ஊன்ற முடியாது, கொத்தாக மண்மேல் பரப்பி அழுத்த வேண்டும். மழை படாத இடம் உங்களிடம் இருந்தால் என் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஜீப்ரினாவுக்குக் குறை இல்லையா என்றால், இருக்கிறது. நிறம் வெளிச்சத்தை நம்பி இருக்கிறது. பதினோராம் வகுப்பு செய்முறைத் தேர்வில் ரியோ இலையின் அடித்தோலை உரித்து, உப்புக் கரைசலில் போட்டு, ஊதா நிறம் சுருங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது சிலருக்கு நினைவிருக்கும். அந்த ரியோவும் டிரடஸ்காண்டியா பேரினம்தான். அந்த ஊதா, செல் சாற்றில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. வெளிச்சம் குறைந்தால் செடி அதைக் குறைவாகத்தான் தயாரிக்கும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தேன், பட்டையெல்லாம் மங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, ஒல்லிப் பச்சைக் கொடியாகிவிட்டது. அந்த மாதிரி மூலைக்கு மணி பிளாண்டை விட்டால் வேறு வழி இல்லை. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கும் அதுதான், பாட்டில் தண்ணீரிலேயே காலம் தள்ளிவிடும். ஜீப்ரினா சித்திரை வெயிலில் தினமும் தண்ணீர் கேட்கும், மதிய வெயில் பட்டால் இலை ஓரம் கருகும்.

இன்னொன்று, கூரைக்கு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். மேல்தளத்தின் நிழலில் தொட்டியின் உச்சிக்கு வெளிச்சமே கிடைக்காமல் வழுக்கை இன்னும் சீக்கிரம் விழும். நான் சங்கிலியை நீட்டிக் கண் உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் ஊன்றிய நுனிகள் ஒழுங்காகப் பிடித்தன.

முழுக்க ஊதாவாக இருக்கும் பர்ப்பிள் ஹார்ட் மொட்டை மாடி வெயிலுக்குப் பிரமாதம், ஆனால் தண்டு கனமானது, எங்கள் பால்கனிக் காற்றில் ஒடிந்து ஒடிந்து விழுந்தது. ரோஜா நிறப் பட்டையோடு வரும் நானுக்கை ஒரே ஒரு மழைக்காலம்தான் வைத்திருந்தேன். அடி இலைகள் அழுகின, செடி போய்விட்டது. ஒரு செடியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், விலை அதிகம் என்பதால் மறுபடி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் எதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஜீப்ரினாவின் சாறு தோலில் பட்டால் சிலருக்கும் நாய்களுக்கும் அரிக்கும், மணி பிளாண்டைக் கடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் படிகங்கள் வாயையும் நாக்கையும் எரிக்கும்.

வெட்டிய தண்டுகளைக் காலி மனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ வீசாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஜீப்ரினா ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது, கானாவாழைக்குச் சொன்ன அதே காரணம்தான். நான் மொட்டை மாடித் தரையில் மொறுமொறுவென்று காயவிட்டு, அதற்கப்புறமே உரத்தொட்டியில் போடுகிறேன்.

அத்தை கிளம்பும்போது ஒரு பிடி நுனிகளை ஈர நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். "தோட்டத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதீங்க அத்தை" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். லால்குடி வீட்டுத் திண்ணையில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் இப்போது அது தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது கிள்ளிவிட வேண்டும்.