கேக்கின் மேல் பூசும் பட்டர்கிரீமை (வெண்ணெய்க் கிரீம்) வழித்துச் சமமாக்க ஸ்டீல் ஸ்கிரேப்பர் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். டர்ன்டேபிளுடன் (கேக்கை வைத்துச் சுற்றும் தட்டு) சேர்ந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரை நம்பவே வேண்டாம், கொஞ்சம் அழுத்தினாலே வளைந்து கேக்கின் பக்கவாட்டில் அலை அலையாகக் கோடு போட்டுவிடும். ஸ்டீல் வளையாது. அதைவிடப் பெரிய லாபம், வெந்நீரில் முக்கி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, கேக்கோடு ஒட்டினாற்போல் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு டர்ன்டேபிளை மட்டும் நிதானமாகச் சுற்றினால், அந்தச் சூட்டில் மேலாக உள்ள வெண்ணெய் லேசாக இளகி ஊசி முனை அளவுக் குழிகள்கூட மூடிக்கொள்கின்றன. பார்க்கவே அவ்வளவு ஆசையாக இருக்கும்!

குறை என்றால் பிடிதான். வெறும் தகடாக இருப்பதால் வெண்ணெய்க் கையில் வழுக்குகிறது, மேலே ரப்பர் பிடி வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். உயரமும் கேக்கைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும்.

ஆனால் கிரீம் சரியில்லை என்றால் எந்த ஸ்கிரேப்பரும் உதவாது. அடித்து முடித்ததும் பீட்டரைக் கடைசி 2 நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள், காற்றுக் குமிழிகள் அடங்கும். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் சென்னை மே மாத மதியத்தில் இந்த வேலையே வேண்டாம், இரவில் செய்யுங்கள். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம், அப்புறம்தான் இரண்டாவது பூச்சு.