விழித்திரை நாளங்களைப் பிரித்தெடுக்க ஃபில்டரா, யூ-நெட்டா?

விழித்திரைப் படத்திலிருந்து ரத்த நாளங்களை மட்டும் கணினியால் பிரித்தெடுக்க, 1989-இல் சௌதுரி குழுவினர் தந்த மேட்ச்டு ஃபில்டர் உண்டு. 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த யூ-நெட்டும் உண்டு; இது மாதிரிப் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க். புதிதாக வருகிறவர்கள் நேரே யூ-நெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது சரிதானா?

ஃபில்டரின் யோசனை எனக்கு இன்றும் பிடித்தது. வண்ணப் படத்தின் பச்சை சேனலை, அதாவது பச்சை நிற அளவை மட்டும் எடுத்தால் நாளங்கள் கருப்பாகத் துலங்கும். ஒரு நாளத்தின் குறுக்கே பிக்சல் பிக்சலாக நகர்ந்தால் வெளிச்சம் பள்ளத்தில் இறங்கி ஏறும். அதே வடிவப் பள்ளத்தை 15 பாகை வீதம் திருப்பி, 12 திசைகளிலும் பொருத்திப் பார்ப்பதுதான் வேலை. பயிற்சிப் படங்கள் வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும். தப்பினாலும் காரணம் தெரியும்: பார்வை நரம்புத் தட்டின் (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டமான இடம்) விளிம்பை நாளம் என்று காட்டும், பெரிய தமனியின் நடுவில் ஒளிக்கோடு மின்னினால் ஒன்றை இரண்டாக்கிவிடும்.

யூ-நெட் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் இந்த இடங்களில் அவ்வளவாக ஏமாறாது. ஒன்றிரண்டு பிக்சல் அகலமே உள்ள நுண்நாளங்களையும் ஃபில்டரைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொடுக்க, மனிதர் கையால் வரைந்த படங்கள் வேண்டும். பலரும் எடுப்பது நெதர்லாந்தின் டிரைவ் (DRIVE) என்ற விழித்திரைப் படத் தொகுப்பை: மொத்தம் 40 படங்கள், அதில் பயிற்சிக்கு 20. அதில் மட்டும் படித்த யூ-நெட், வேறு கேமராவின் படத்தைக் கொடுத்தால் தடுமாறும். ஏன் என்றும் சொல்லாது.

இரண்டையும் ஒப்பிடும்போது மொத்தத் துல்லியத்தை, அதாவது எல்லாப் பிக்சல்களிலும் எத்தனை சதவீதம் சரி என்ற கணக்கை நம்பாதீர்கள். டிரைவ் படங்களில் நாளம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ‘எங்கும் நாளமே இல்லை’ என்று சொன்னாலே கிட்டத்தட்ட 90 சதவீதம் கிடைத்துவிடும்! உண்மையான நாளப் பிக்சல்களில் எத்தனையைப் பிடித்தது என்று கேளுங்கள்.

உங்கள் கேமராவில் எடுத்து, கண் மருத்துவர் கைபட வரைந்த படங்கள் கொஞ்சமாவது இருந்தால் யூ-நெட்தான், தயங்க வேண்டாம். இல்லையென்றால் ஃபில்டரில் தொடங்குங்கள். அது தரும் வரைவைக் கண் மருத்துவர் திருத்தித் தந்தால், வெறும் படத்திலிருந்து வரையும் பாடு குறையும். அந்தப் படங்களே பிறகு யூ-நெட்டுக்குப் பாடமாகும்.