மேக்னம் ரைஃபிளுக்கு தோட்டா நிரப்புறவங்க முதல்ல வாங்க வேண்டியது: ஹார்னடி ஹெட்ஸ்பேஸ் கேஜ்

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இது அமெரிக்கா சமாசாரம். இங்க லைசென்ஸும் டேக்கும் (இந்த மிருகத்த வேட்டையாடலாம்னு தர்ற அனுமதி சீட்டு) எடுத்து எல்க், மான் வேட்டைக்குப் போறவங்கள்ல நிறைய பேர் தோட்டாவ கடையில வாங்க மாட்டாங்க, சுட்டு முடிச்ச பித்தளை கேஸ பொறுக்கி வந்து புது பிரைமர் (அடியில பொறி கிளப்புற சின்ன மூடி), வெடிமருந்து, புல்லட் (பறந்து போற குண்டு) போட்டு வீட்டுலயே நிரப்பிக்குவாங்க. காசு மிச்சம்னு சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, மிச்சமாகுற காசுக்கு மேல சாமான் வாங்கிருவோம். உண்மையான காரணம் நம்ம ரைஃபிளுக்கு அளவெடுத்து தச்ச தோட்டா கிடைக்கும்ங்கறதுதான்.

நான் வச்சிருக்கிறது .300 வின்செஸ்டர் மேக்னம்ங்கற பெரிய தோட்டா சுடற ரைஃபிள். இதுக்கு நல்லா ஒரே இடத்துல போய் விழற தோட்டா பண்ணணும்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, பெரிய பிரஸ் (கேஸ அமுக்குற மெஷின்) வாங்கு, தானா எடை போட்டு மருந்து கொட்டுற மெஷின் வாங்கு, புல்லட்ட மாத்துன்னு. என்னக் கேட்டா இந்த மாதிரி பெல்ட் வச்ச கேஸுக்கு முதல் செலவு ஹார்னடியோட லாக்-என்-லோட் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர், அதாவது தலைப்புல சொன்ன கேஜ்தான். நல்ல ஃபேக்டரி தோட்டா ஒரு டப்பா வாங்குற காசுதான் வரும்.

ஏன்னு கேட்டா கதை கொஞ்சம் பழசு. இந்த கேஸ் அடியில ஒரு தடிச்ச பட்டை சுத்தி ஓடும், அதான் பெல்ட். 1912ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னம் கொண்டு வந்தப்போ அந்த கேஸோட ஷோல்டர் (உடம்பு குறுகி கழுத்தா மாறுற தோள்) ரொம்ப சரிவு, சேம்பருக்குள்ள (ரைஃபிள்ல தோட்டா உக்கார்ற குழி) கேஸ் முன்னாடி போகாம நிக்க ஒரு பிடிமானம் வேணும், அதுக்கு பெல்ட் சரியா உதவுச்சு. 1962ல வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்துக்கும் 1963ல வந்த .300 வின்செஸ்டருக்கும் ஷோல்டர் நல்லாவே நிமிர்ந்து இருக்கு, பெல்ட்டுக்கு அங்க பெருசா வேலை இல்ல, ஆனா தாத்தா காலத்து பீரோ மாதிரி கூடவே வந்துருச்சு. இதுல வினை என்னன்னா பெல்ட்தான் நிறுத்துதுன்னு சேம்பர்ல ஷோல்டர் பக்கம் தாராளமா இடம் விட்டு கடைஞ்சிருப்பாங்க. புது கேஸ முதல் தடவ சுட்டதும் ஷோல்டர் அந்த காலி இடத்த நிரப்ப முன்னாடி தள்ளிட்டுப் போயிரும். வீட்டுக்கு வந்து சைஸிங் டைய (சுட்ட கேஸ பழைய அளவுக்கு அமுக்குற அச்சு) அது கூட வர்ற பேப்பர்ல போட்டிருக்கிறபடி, பிரஸ்ல கேஸ் அடிய பிடிக்கிற ஷெல் ஹோல்டர்ல முட்டுற வரைக்கும் இறக்கி, அதுக்கு மேல கொஞ்சம் திருகி கேஸ அமுக்குனா, முன்னாடி போன ஷோல்டர் மொத்தமும் பின்னாடி வந்துரும். மறுபடி சுட்டா மறுபடி இழுபடும். இப்படி போய் வந்து போய் வந்து பெல்ட்டுக்கு சத்தே மேல பித்தளை மெலிஞ்சு ஒரு நாள் அங்கயே அறுந்துக்கும்.

உங்க பழைய கேஸ் இருந்தா இப்பவே பாருங்க. பெல்ட்டுக்கு மேல பளிச்சுனு ஒரு கோடு வட்டமா ஓடுதா? ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி, முனைய மட்டும் சின்ன கொக்கியா மடக்கி, கேஸ் வாய் வழியா விட்டு உள் சுவர ஒட்டி கீழ இருந்து மேல இழுங்க. அந்த இடத்துல ஒரு பள்ளத்துல விழுந்து ஏறுற மாதிரி முனை தட்டுச்சுன்னா அந்த கேஸ தூக்கிப் போட்டுருங்க, யோசிக்கவே வேணாம்.

இந்த கேஜ் பண்றது ஒரே வேலை, கேஸ் அடியில இருந்து ஷோல்டர் வரைக்கும் எவ்ளோ தூரம்னு காட்டும். கேலிப்பர்ல (நுணுக்கமா நீளம் அளக்குற கருவி) மாட்டுற ஒரு துண்டு, அஞ்சு அலுமினிய வளையம். .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு .420 இன்ச் வளையம். கேலிப்பர் கூட வராது, நாமதான் வச்சிருக்கணும். கேலிப்பர்ல மாட்டுற துண்டு இல்லாம வெறும் வளையம் மட்டும் உள்ள செட்டும் விக்கிறாங்க, ஆர்டர் போடறப்ப பாத்துக்கோங்க. முக்கியமா அதுல வர்ற நம்பர் நிஜ ஹெட்ஸ்பேஸ் (சேம்பர பின்னாடி மூடுற போல்ட்டோட முகத்துல இருந்து கேஸ நிறுத்துற இடம் வரைக்கும் உள்ள தூரம்) கிடையாது, ஒரு கேஸுக்கும் இன்னொரு கேஸுக்கும் வித்தியாசம் பாக்க மட்டும்தான். அளக்குறதுக்கு முன்னாடி பழைய பிரைமர தட்டி எடுத்துருங்க, அது துளி துருத்திட்டு இருந்தாலும் ரீடிங் பொய் சொல்லும்.

இங்க இன்ச்ச ஆயிரமா பிரிச்சு ஒரு பங்க ஒரு தவ்னு சொல்லுவாங்க. என் ரைஃபிள்ல புது கேஸுக்கும் சுட்ட கேஸுக்கும் பதினஞ்சு தவ்வுக்கு மேல வித்தியாசம் வந்துச்சு, அவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் தள்ளுனா பித்தளை என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க. இப்ப டைய நல்லா மேல தூக்கி வச்சு, கேஸுக்கு வேக்ஸ் தடவி அமுக்கி, தொடச்சு அளந்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கி சுட்ட கேஸ விட ரெண்டு தவ் குறையறப்போ டை நகராம பிடிக்கிற லாக் ரிங்க இறுக்கிடறேன். ஒரு தடவ மட்டும் சுட்ட கேஸ்ல ஷோல்டர் முழுசா முன்னாடி வந்திருக்காது, அதனால ரெண்டாவது தடவ சுட்ட கேஸ வச்சு செட் பண்றது நல்லது. ரெண்டு தவ்வுக்கும் கம்மியா விட்டு டைட்டா வைக்கணும்னு டார்கெட் சுடறவங்க சொல்லுவாங்க, மலையில குளிர்ல கைநடுங்க போல்ட் மூட முடியாம நிக்கிறவனுக்கு அது சரிப்படாது.

பலன் இருக்கான்னா இருக்கு. நோஸ்லர் கம்பெனியோட 180 கிரெய்ன் (கிரெய்ன்னா ஒரு சின்ன எடை அளவு) அக்யூபாண்ட் புல்லட், எச்1000 மருந்து, ஃபெடரல் 215 பிரைமர், இதுல எதையும் மாத்தல, மருந்து அளவும் அதேதான், 100 கெஜத்துல ஒன்றரை இன்ச்சா பரவிட்டு இருந்த மூணு குண்டு ஒரு இன்ச்சுக்குள்ள வந்துருச்சு. வேட்டை ரைஃபிளோட மெல்லிசு பேரலுக்கு எனக்கு இது தாராளம். மருந்து அளவ நான் இங்க எழுத மாட்டேன், யாரும் கேக்காதீங்க, மேனுவல்ல போட்டிருக்கிற ஆரம்ப அளவுல இருந்து அரை கிரெய்ன் அரை கிரெய்னா ஏறுங்க, அதுல இருக்கிற உச்ச அளவ தாண்டாதீங்க, அதுக்கு முன்னாடியே போல்ட் தூக்க கனமானா அங்கயே நிறுத்திருங்க. ஒவ்வொரு மூணு குண்டுக்கும் நடுவுல பேரல் தொட்டுப் பாத்தா ஜில்லுனு ஆற வரைக்கும் காத்திருங்க, சூட்டுல சுட்ட குரூப்ப வச்சு தோட்டாவ திட்டி பிரயோஜனம் இல்ல.

இதே சமயத்துல மருந்து எடை போட ஒரு எலக்ட்ரானிக் தராசும் வாங்கினேன், பிராண்ட் பேர் வேணாம், ஏசி காத்து பட்டாலே நம்பர் நகரும், செக் வெயிட் (தராச சரிபாக்க வைக்கிற எடைக்கல்லு) வச்சா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு காட்டும். இப்ப பழைய பீம் தராசுதான், மெதுவா ஆனாலும் நிம்மதி.

ஒரே கேலிபர்ல ரெண்டு ரைஃபிள் வச்சிருக்கவங்க ரெண்டுக்கும் தனித்தனியா அளந்து, கேஸையும் டப்பாவையும் கலக்காம பேர் எழுதி வச்சுக்கோங்க, ஒரு சேம்பருக்கு ரெண்டு தவ் தள்ளுன கேஸ் இன்னொண்ணுல உள்ளயே போகாமலும் இருக்கலாம்.